தூண்டில் வளைவு

நாம் பங்குப்பணி ஆற்றிவரும் ஊருக்குக் கடல் கிடையாது. ஆம்பூரில் நின்றுகொண்டு கடலைக் காண விரும்புகிறவர், பாலாறு போன வழியே வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு எனக் கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் முகத்துவாரத்தை அடைய வேண்டும். ஆறு தானே அவ்வழியில் போய்ச் சேரும் ஆண்டுகள் அரிது. 2021 நவம்பரில் சேர்ந்தது. அன்று பாலத்தின் இருமருங்கிலும் மக்கள் திருவிழாக் கூட்டம் போல நின்று நீரைப் பார்த்தார்கள். நமக்கருகில் நின்ற மூதாட்டி ஒருவர், மருமகளாக இவ்வூருக்கு வந்த புதிதில் இப்படி ஒருமுறை பார்த்ததாகச் சொன்னார். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு ஆறு என்பது மணல் கிடக்கும் இடம்.

ஆயினும் உப்பு இவ்வூருக்கு அந்நியமன்று. உரித்த தோல் அழுகாமல் ஆலைக்கு வந்து சேர உப்பே துணை. தோலின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை உப்பைத் தூவி அடுக்குவது தொழில் வழக்கம். கடலோர அளங்களில் விளைந்த உப்பு லாரியேறி, தோலேறி, இங்கு வருகிறது. தோலை ஊறப்போடும்போது உப்பு நீரில் இறங்குகிறது. நீர் நிலத்தில் இறங்குகிறது. பங்கு இல்லத்துக் கிணற்று நீரில் பருப்பு வேகாது. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே வட்டாரத்து வழக்கில் 2025 சனவரியிலும் அதே நீதிமன்றம் பேச வேண்டியதாயிற்று. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். அத்தனை காலமும் விடியுமுன் பேருந்து ஏறிக் காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் நம் பங்குப் பெண்கள், மாலையில் குடத்தோடு நல்ல தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றிருக்கிறார்கள். சம்பளம் வரும் திசையும் உப்பு வரும் திசையும் ஒன்றே.

இதை எழுதக் காரணம் தோல் அன்று, கல்.

நாம் பிறந்தது குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில். 1544இல் புனித பிரான்சிஸ் சவேரியார் நடந்து திருமுழுக்குக் கொடுத்துப் போன கரை அது. தந்தையார் கட்டுமரத்தில் தூண்டில் தொழில் செய்தவர். நாம் வேலூர் மறைமாவட்டத்துக்கெனக் குருமடம் சேர்ந்தோம். தம்பி கடலைச் சேர்ந்தான். குருப்பட்டம் பெற்ற நாள்முதல் தாயார் நம்மைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'சாமி' என்றே அழைத்தார். பெற்றவள் வாயால் அச்சொல்லைக் கேட்பது எத்தனை தனிமையானது என்பதை நம் போன்றோர் அறிவர்.

2004 டிசம்பர் 26க்குப் பின் எம் கரை முன்போல் இல்லை. பேரலை குளச்சலிலும் மணக்குடியிலும் செய்த அழிவு எம் ஊரில் நேரவில்லை. ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளின் ஆனி, ஆடி மாதங்களில் கடல் வரிசையாக வீடுகளைத் தொட்டது. முதலில் தென்னை, அடுத்து வலைக்கூடம், பிறகு கடற்கரைக் குருசடி. ஊர் கூடித் தூண்டில் வளைவு வேண்டும் என்று தீர்மானித்தது.

உள்நாட்டு வாசகருக்கு இச்சொல்லை விளக்க வேண்டும். கரையிலிருந்து கடலுக்குள் பெரும் பாறைகளைக் கொட்டி, நுனி வளைந்து தூண்டில் முள் போல் தோன்றும்படி கட்டும் கல்வரிசையே தூண்டில் வளைவு. முள்ளின் வேலை மீனைப் பிடிப்பது. இவ்வளைவின் வேலை மணலைப் பிடிப்பது. கடற்கரை மணல் கிடந்த இடத்தில் கிடப்பதில்லை. சாய்ந்து வரும் அலை அதைக் கரையோரமாகவே நடத்திச் செல்கிறது. ஒரு பருவத்தில் ஒரு பக்கம், மறு பருவத்தில் மறுபக்கம், ஆண்டுக் கணக்கில் எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம். குறுக்கே கல் நின்றால் ஒருபுறம் மணல் தங்கிக் கரை வளரும். மறுபுறத்துக்குப் போக வேண்டிய மணல் போகாது. அலையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டே இருக்கும். சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் 1870களில் எழத் தொடங்கிய பிறகு, தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா இன்றைய அகலத்தைப் பெற்றது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. ஒரே சுவர்தான். மெரினாவில் காற்று வாங்குகிறவர் அதை நினைப்பதில்லை.

இவையெல்லாம் நமக்குப் பிற்பாடு தெரிந்தவை என்று எழுத ஆசைதான். அது உண்மையாகாது. மனுவை எழுதியவர் நாமே. ஊரில் படித்தவர், அதிலும் சாமியார், எழுதினால் அலுவலர் மதிப்பர் என்று பெரியவர்கள் வேலூருக்கே வந்து கேட்டார்கள். எழுதி, முதற் கையெழுத்தும் இட்டோம். அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது தாயார் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்:

"கல்லு போட்டா அந்தப் பக்கத்து மணலு என்னாகும், சாமி?"

அந்தப் பக்கம் என்றால் அவருடைய பிறந்த ஊர். கரை வழியாக நடந்தால் அரைமணி. அங்குதான் அவருடைய அண்ணன் குடும்பம். பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் அம்மா என்று பதில் சொன்னோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. சாமியிடம் அவர் மறுபேச்சுப் பேசுவது வழக்கமில்லை.

குவாரிகளிலிருந்து லாரி லாரியாகக் கல் வந்தது. உப்பு மலைநாட்டுக்கு ஏறுகிறது. மலை கடலுக்கு இறங்குகிறது. வளைவு எழுந்தது. எம் ஊர்க் கரையில் மணல் சேர்ந்தது, வீடுகள் நின்றன, வள்ளங்களை ஏற்றி வைக்க இடம் கிடைத்தது. மூன்றாம் ஆண்டு கல்லில் சிப்பி பற்றியது. சிப்பியைத் தேடி நண்டு, நண்டைத் தேடிக் கலவா, சிறுமீன் கூட்டத்தைத் தேடிப் பாரை என ஒரு நீர்நாடு அங்கே குடியேறியது. முன்பு கணிச்சம் பார்த்து, அதாவது கோவில் கோபுரத்தையும் மலைமுகட்டையும் ஒரே கோட்டில் வைத்துத் தொலைவிலுள்ள பாரைத் தேடிப் போனவர்கள், இப்போது எண்ணெய்ச் செலவில்லாமல் கல்முனையிலேயே தூண்டில் போட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், உயிர்ப்புப் பெருவிழா அலுவல்கள் முடிந்த வாரத்தில், நாம் விடுமுறைக்குச் சென்றிருந்தோம். தாயார் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். தம்பி, "கல்லடியில பாரை கெடக்கு, வாறியாண்ணே?" என்றான். இருபது ஆண்டுகளாகக் கடலில் இறங்காத நாம், இளைஞனைப் போல் வேட்டியை மடித்துக் கட்டினோம்.

விடியற்காலை. ஃபைபர் வள்ளம், 9.9 குதிரைத்திறன் எஞ்சின், பெட்ரோலில் எழுப்பிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. காற்று இல்லை. கடல் எண்ணெய் பூசியது போல் கிடந்தது. கல்முனைக்கு வெளியே நங்கூரம் இட்டு, கயிற்றை மெல்ல விட்டுக்கொடுத்து, பாறையிலிருந்து நாலைந்து வள்ளத் தொலைவில் நிறுத்தினான். மீன் இருப்பது கல்லின் இடுக்கில். எவ்வளவு நெருங்குகிறோமோ அவ்வளவு மீன், அவ்வளவு ஆபத்து. தங்கூசி நரம்பு, ஈயக்குண்டு, முள், முள்ளில் சாளைத் துண்டு. ஈயம் தரையைத் தொட்டதும் இரண்டு முழம் இழுத்துப் பிடிக்க வேண்டும். இல்லையேல் கல் முள்ளைத் தின்றுவிடும். நரம்பு ஆள்காட்டி விரலின் மேல் கிடக்க வேண்டும். கலவா கொத்தாது, விழுங்கிக்கொண்டு பொந்துக்குள் இழுக்கும். அந்த முதல் இழுப்பில் தலையைத் திருப்பாவிட்டால் அது நமதன்று. பாரை அப்படியன்று, அது ஓடும். கையின் தோல் இவற்றையெல்லாம் மறக்கவில்லை என்பதில் நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, அப்பட்டமாகச் சொன்னால், அவ்வாண்டின் எந்த மறையுரையிலும் கிட்டாதது. மூன்று பாரையும் ஒரு கலவாவும் வந்தன.

ஏழு மணி இருக்கும். வள்ளம் மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. அலை உடையவில்லை, கடல் மூச்சு வாங்குவது போல் ஓர் எழுச்சி. கல்வரிசையில் நீர் மெதுவாக ஏறி, பின்வாங்கும்போது அடிக்கற்களின் பாசி வரை வெளியே தெரிந்தது. தம்பி தூண்டிலைச் சுருட்டினான். "கள்ளக்கடல்" என்றான்.

காற்றும் மழையும் இல்லாமல், முன்னறிவிப்பு இல்லாமல் திருடனைப் போல் வருவதால் அப்பெயர். தென்கோடிப் பெருங்கடலில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், நாம் அறியாத ஒரு புயல் எழுப்பிய நெடிய அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து நிமிர்கின்றன. நம் மீனவர் வாய்ச்சொல்லை 2012இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் இப்போது எச்சரிக்கை விடுக்கிறது. 2024 மே மாதம் கணபதிபுரத்துக் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர் ஐவரைக் கொண்டுபோனதும் எச்சரிக்கை விடப்பட்டிருந்த இத்தகைய கடலே.

நங்கூரத்தை இழுத்தான், வரவில்லை. கல்லில் மாட்டியிருந்தது. தந்தையார் காலத்தில் கல்லடியில் இரும்பு நங்கூரம் இடமாட்டார்கள். ஒரு கருங்கல்லை மெல்லிய கயிற்றால் கட்டி, அதைப் பெருங்கயிற்றோடு பிணைப்பார்கள். மாட்டிக்கொண்டால் இழுத்ததும் மெல்லிய கயிறு அறும், கல்லோடு போகும். அறவேண்டியது எது என்பதை முன்பே தீர்மானித்துக் கட்டிய கட்டு. தம்பியிடம் இருந்தது புதிதாக வாங்கிய நான்கு கை இரும்பு. அடுத்த எழுச்சியில் வள்ளம் உயர, கயிறு உயரவிடாமல் முன்முனையைக் கீழே பிடித்து இழுக்க, நீர் உள்ளே புகுந்தது.

முன்முனையில் இருந்தவர் நாம். கத்தி நம் கையில். தயங்கினோம். நங்கூரத்தின் விலை, அவனுடைய கடன், எல்லாம் அந்நொடியில் நினைவுக்கு வந்தன. "அறுலே!" என்று தம்பி கத்தினான். அண்ணன் என்பதும் சாமி என்பதும் அச்சொல்லில் இல்லை. அறுத்தோம். அறுந்ததும் முன்முனை துள்ளியது. நாம் விளிம்பின்மேல் விட்டுவைத்திருந்த மிச்சக் கயிற்றுச் சுருள் அப்படியே தண்ணீரில் சரிந்தது. கயிற்றுச் சுருளை உள்ளே வை என்பது பத்து வயதில் தந்தையார் கற்றுத்தந்த முதற்பாடம். தம்பி எஞ்சினை எழுப்பி முன்னே செலுத்த, கயிறு வள்ளத்தின் அடியில் போய்ச் சுழலியில் சுற்றியது. எஞ்சின் நின்றது. கல் நான்கு வள்ளத் தொலைவில் இருந்தது. அடுத்த எழுச்சிக்குப் பின் மூன்று.

தம்பி துடுப்பெடுத்தான். நாம் என்ன செய்தோம் என்று கேட்பவர்க்கு, செபித்தோம் என்று சொல்ல முடியாது. வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. ஈயக்குண்டு ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதைக் கரையேறிய பிறகே அறிந்தோம்.

வெளியே இன்னொரு வள்ளம் இருந்தது. காலை முதல் இருந்ததுதான். தம்பி அதன் பக்கம் தலையைத் திருப்பாமலிருந்ததையும், அவர்கள் இந்தப் பக்கம் திரும்பாமலிருந்ததையும் நாம் கவனித்தும் கேட்கவில்லை. அது வந்தது. பின்பக்கமாக நெருங்கி ஒரு கயிற்றை எறிந்தார்கள். ஒரே எறிதலில் நம் மடியில் விழுந்தது. எறிந்தவர் நம் தாய்மாமனின் மகன். இழுத்துக்கொண்டு வெளியே போய், கல்லைச் சுற்றி, எம் ஊர்க் கரையின் அமைதியான நீருக்குள் கொண்டுவந்து விட்டார். ஒரு சொல்லும் பேசவில்லை. கயிற்றை அவிழ்த்துக் கொடுக்கும்போது மட்டும்,

"சாமி கையெழுத்து போட்ட கல்லுதானே? பாத்துப் போங்க" என்றார்.

லூக்கா நற்செய்தியில் மிகுதியாக மீன் பிடிபட்ட பகுதியைப் பற்றி எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். பேதுருவின் வலை, பேதுருவின் அச்சம், பேதுருவின் அழைப்பு. சைகை கண்டு வந்த மற்றப் படகைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை.

மறுநாள் தனியே மாமா ஊருக்குப் புறப்பட்டோம். சிறுவயதில் அம்மாவின் கையைப் பிடித்து நடந்த கரைவழி, வளைவுக்கு அப்பால் இருபது அடியில் முடிந்துவிட்டது. மேலே ஏறிச் சாலை வழியே சுற்றிப் போனோம். மாமா வீடு இருந்த இடத்தில் கடல் இருந்தது. அவர்கள் உள்ளே தள்ளி, ஒரு தகரக் கூரையின் கீழ் இருந்தார்கள். மாமி தேநீர் கொடுத்தார். மச்சான் வலை பொத்திக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார், அமரச் சொன்னார், மீண்டும் வலையை எடுத்தார். நன்றி சொன்னோம். "கடலுல அதெல்லாம் பாக்க முடியாது" என்றார். மன்னிப்பும் கேட்டோம். அதற்கு அவர் விடை சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, தங்கள் ஊருக்கும் ஒரு வளைவு கேட்டு மனு கொடுத்திருப்பதாகச் சொன்னார். அதற்கு அடுத்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க நமக்கு வாய் எழவில்லை. அவருக்கும் தெரியும்.

வெளியே வந்தபோது வற்றுநேரம். அலைக்கு நடுவே சிமெண்டு உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு நின்றன. மாமா வீட்டுக் கிணறு. சுற்றியிருந்த மண் முழுதும் போக, உறை மட்டும் கோபுரம் போல் எஞ்சியிருந்தது. இறைத்த நீரை அம்மா நம் தலையில் ஊற்றிய கிணறு அது. ஒவ்வோர் அலைக்கும் அதன் வாய்வழியே உப்புநீர் உள்ளே விழுந்தது.

குருமடத்தில் ஒழுக்க இறையியல் வகுப்பில் இரட்டை விளைவுக் கோட்பாட்டைப் படித்தோம். புனித தாமஸ் அக்குவினாரிடமிருந்து வேர்கொண்டது. ஒரு செயலுக்கு நன்மையும் தீமையுமாக இரு விளைவுகள் இருந்தால், செயல் தன்னளவில் நல்லதாகவும், தீமை நாம் நாடாததாகவும், நன்மைக்கு அது வழியாகாததாகவும், பெறும் நன்மை இழப்புக்கு ஈடாகவும் இருக்க வேண்டும். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றோம். வீடுகளைக் காப்பது நல்லது. மாமா வீட்டின் அழிவை நாம் நாடவில்லை. ஈடும் இருக்கலாம், எம் ஊரில் வீடுகள் அதிகம். கோட்பாட்டின்படி நாம் தேறிவிடுகிறோம். ஆனால் நிறுத்துப் பார்க்கும் தராசு எந்தக் கரையில் வைக்கப்பட்டது என்று எந்த வினாத்தாளிலும் கேட்கப்படவில்லை. அம்மா கேட்டார்.

ஆம்பூருக்குத் திரும்பிய சில மாதங்களில் பங்கு மக்கள் சிலர் ஒரு காகிதத்தோடு வந்தார்கள். தங்கள் தெருவுக்குப் பின்னாலுள்ள சிறிய தோல் கூடம் ஒன்றை மூடக் கோரும் மனு. கிணற்று நீரைப் புட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். நாவில் வைத்துப் பார்த்தோம், அறிந்த சுவைதான். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. முன்பானால் அங்கேயே கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தியிருப்போம். அந்தக் கூடத்தில் வேலை செய்வோர் பன்னிரண்டு பேர். அவர்களில் இருவர் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்கு வருகிறவர்கள். ஒருவருடைய மகள் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. அக்குடும்பம் மனு கொண்டுவந்தவருக்குச் சம்பந்தி முறை.

"சாமி, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று மனு கொண்டுவந்தவர் கேட்டார். குரலில் வருத்தம் தெரிந்தது. கையெழுத்து இடமாட்டோம் என்று சொல்லவில்லை. அந்தத் தெருவையும் அந்தக் கூடத்தையும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும், நீங்களும் வரவேண்டும், சம்பந்தியையும் அழைத்து வாருங்கள் என்றோம். கோழைத்தனம் என்று அவர் நினைத்திருக்கலாம். அதில் கோழைத்தனம் அறவே இல்லை என்று நம்மாலும் சத்தியம் செய்ய முடியாது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கியவர் நாம். தயக்கம் தீங்காக முடிந்ததும் உண்டு, தயங்காத கையெழுத்து தீங்காக முடிந்ததும் உண்டு.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் போவதாக ஏற்பாடு. சம்பந்தி வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். நேற்று இரவு தம்பி தொலைபேசியில் பேசினான். இப்போது கல்லடிக்குக் கருங்கல் நங்கூரம்தான் கொண்டுபோகிறானாம், அப்பா கட்டிய கட்டையே கட்டி. மச்சானோடு பேச்சு உண்டா என்று கேட்டோம். கடலில் உண்டு, கரையில் இன்னும் இல்லை என்றான்.

காகிதம் நம் மேசைமேல் இருக்கிறது. மின்விசிறிக் காற்றில் பறக்காதிருக்க அதன்மேல் அந்த ஈயக்குண்டை வைத்திருக்கிறோம்.